கீழச்சுனை விலக்கில் தங்கிய சுழிக்காற்று

ஆடி பிறந்த கையோடு கரிசல் காட்டிலிருந்து கிளம்பி வந்த ஒரு சுழிக்காற்று, மற்றச் சுழிக்காற்றுகள் செய்வதைப்போல ஊருக்குள் நுழைந்து, காயப்போட்ட துணியைக் கலைத்து, நாலு பேர் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுக் கண்மாய்ப் பக்கம் போய் அடங்கிவிடாமல், கீழச்சுனை விலக்கில் பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நட்டநடுவில் நின்றது, நின்ற இடத்திலேயே சுற்றியது, பொழுது சாய்ந்தும் போகவில்லை, மறுநாள் விடிந்தும் போகவில்லை. அடியில் கிணற்று உறை அகலமும், மேலே வேப்பமரத்துக் கிளை தொடுகிற உயரமுமாக, தூசியும் சருகும் உடுத்திக்கொண்டு அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் பஸ் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு வண்டியை ஒடித்து ஓரமாக விட்டுக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து ஹாரன் அடிக்காமலே ஒடித்தார்.

முதலில் வந்தவர்கள் தூ தூ என்று துப்பினார்கள். அப்புறம் வந்தவர்கள் சூடம் கொளுத்தப் பார்த்தார்கள், சூடத்தைக் காற்று அணைத்துவிட்டது. ஒரு வாரம் போனபின் பெண்கள் உளுந்தைக் கொண்டுவந்து அதன் ஓரத்தில் வைத்துத் தூற்றினார்கள். பொட்டு வேறு பருப்பு வேறாக ஒரு நொடியில் பிரிந்து விழுந்தது. தலைக்குக் குளித்த பிள்ளைகள் முடி உலர்த்த வரிசையில் நின்றன. ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை, என்ன செய்யும் என்பதில்தான் எல்லோருக்கும் கண்.

கிழக்குத்தெருக்காரர்கள் கிழக்கு ஓரத்தில் தூற்றினார்கள், மேற்குத்தெருக்காரர்கள் மேற்கு ஓரத்தில். ஊரை நடுவில் வகிர்ந்துகொண்டு போகும் அந்தத் தார்ரோட்டை இரண்டு தெருக்காரர்களும் தாண்டி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு பங்குனிப் பொங்கலில் அம்மன் சப்பரம் விலக்குக்கு வந்தபோது, வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு தெருவும் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று இன்னொரு தெருவும் ஆளுக்கொரு வடத்தைப் பிடித்து இழுத்ததில், சப்பரம் எந்தப் பக்கமும் திரும்பாமல் முன்னால் ஓடி, மேற்குத்தெரு மாசானமுத்துவின் பாதத்தில் ஏறி நின்றது. கால் திரும்ப நேராகவில்லை. கேஸ் கோவில்பட்டிக் கோர்ட்டுக்குப் போனது. அவரவர் தெருவில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்கள்: ரோட்டைத் தாண்டுவதில்லை, பேசுவதில்லை, கொடுப்பதில்லை, வாங்குவதில்லை.

இந்தச் சத்தியத்தில் நடுவாக வெட்டுப்பட்டவள் ராஜகனி. மேற்குத்தெருவில் பிறந்து கிழக்குத்தெருவில் சேர்மதுரைக்கு வாழ்க்கைப்பட்டவள். கூடப் பிறந்த அக்கா சுடலைவடிவு மேற்குத்தெருவிலேயே, அதே மாசானமுத்துவுக்கு மனைவியாக இருந்தாள். அன்றைக்கு வடம் இழுத்தவர்கள் என்று மாசானமுத்து கேஸில் கொடுத்த பேர்களில் சேர்மதுரை பேரும் இருந்தது. ராஜகனி வாசல் தெளிக்கும்போது எதிரே அக்கா வாசல் தெளிப்பது தெரியும். அக்காவுக்கு முதுகு லேசாகக் கூனியதையும், மூக்குத்தியைக் கழற்றியதையும், பழையபடி போட்டுக்கொண்டதையும் அவள் ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ராஜகனி பள்ளிக்கூடத்தில் பகுதிநேர ஓவிய டீச்சர். வர்ணம் வாங்குகிற செலவுக்குப் பயந்து, பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, மருந்துக்கடை நோட்டீஸ் எல்லாவற்றையும் கிழித்து மைதா பசையில் ஒட்டிப் படம் செய்வாள். நீலச் சேலை விளம்பரத்திலிருந்து கடல் வரும், தீப்பெட்டி லேபிளிலிருந்து மேகம் வரும். ஊரில் அவளுக்கு ஒட்டுப்பட டீச்சர் என்று பேர்.

காற்று எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதில்தான் முதல் தகராறு வந்தது. கிழக்குத்தெருப் பெரியதனம் செவத்தையா விலக்கில் நின்று பார்த்துவிட்டு, "வடக்க பாத்துச் சுத்துது. சப்பரமும் அப்படித்தான் திரும்பணும்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து மாசானமுத்து யாரிடமோ சொல்வதுபோல, "கண்ணு தெரியாதவனுக்கெல்லாம் பெரியதனம். தெக்க பாத்துல்லா சுத்துது" என்று சத்தமாகச் சொன்னார். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

ராஜகனிக்கு இது குடைந்தது. அவள் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீர் டேங்கின் இரும்பு ஏணியில் ஏறி மேலிருந்து பார்த்தாள். காற்று ஒரே பக்கமாகத்தான் சுற்றியது. கிழக்கே நிற்பவனுக்குத் தன் முன்னால் ஓடுகிற ஓரம் வடக்கே போவதாகத் தெரியும், மேற்கே நிற்பவனுக்குத் தன் முன்னால் ஓடுகிற ஓரம் தெற்கே போவதாகத் தெரியும், அவ்வளவுதான். இன்னொன்றும் தெரிந்தது. காற்று கக்கிய தூசி தார்ரோட்டில் இரண்டு வால்களாகப் படிந்திருந்தது. ஒரு வால் கிழக்குத்தெரு முனையில் தொடங்கி, இன்னொரு வால் மேற்குத்தெரு முனையில் தொடங்கி, ஒன்றை ஒன்று தொடாமல், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருண்டு நடுவில் போய் முடிந்தன. இறங்கி வந்து செவத்தையாவிடம் சொன்னாள்.

"டீச்சர், நீ மேற்குத்தெருப் பொண்ணு. அப்படித்தான் பேசுவ" என்றுவிட்டார் அவர்.

ஆடி பாதியில் காற்று காகிதம் போட ஆரம்பித்தது. காலையில் எழுந்து பார்த்தால் கிழக்கு வாசல்களிலும் மேற்கு வாசல்களிலும் கிழிந்த தாள்கள் கிடக்கும். எந்தத் தேசத்துக் காகிதமோ, வழுவழுப்பானது, பழுப்பேறியது, படம் போட்டது, கையால் வரைந்தது, எல்லாவற்றிலும் சங்கதி ஒன்றுதான்: சுழி. பாறையில் கொத்திய சுழி, பானையில் வரைந்த சுழி, சுருண்ட பாம்பு, நத்தை ஓடு, வெட்டிய சங்கு, வானத்து நட்சத்திரக்கூட்டம், ஆடுகிறவரின் விரிந்த பாவாடை, மனிதக் காதின் உள்பக்கம். ஒரு தாளில் ஏதோ ஒரு பள்ளிப்பிள்ளை பக்கம் பூராவும் பிள்ளையார் சுழி மட்டும் போட்டு வைத்திருந்தது.

பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கும் ஞானதிரவியம் சார் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், சத்தியத்தில் சேராதவர், ஆகவே இரண்டு தெருவிலும் காபி குடிப்பவர். அவர் ஒவ்வொரு தாளையும் செல்போனில் படம் பிடித்து அது எந்த ஊர் என்று தேடிச் சொன்னார்.

"டீச்சர், இந்தக் கல்லு அயர்லாந்துல இருக்காம். ஐயாயிரம் வருசத்துக்கு முந்திச் சமாதி வாசல்ல கொத்தி வச்சிருக்கான். எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாதாம். இது நியூசிலாந்து. விரியாத பெரணிக் குருத்து. அந்த மவோரி சனங்க அதைப் புது உயிருக்கு அடையாளமா வைக்கிறாங்க. இது பெரு நாடு. பாலைவனத் தரையில பெரிய குரங்கு, அது வாலு."

"இவங்கள்லாம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டவங்களா சார்?"

"எங்க பாக்க? நடுவுல கடல்லா கெடக்கு."

"அப்போ எப்படி சார் எல்லாரும் இதையே போட்டாங்க?"

சார் போனைப் பார்த்தார். போன் இன்னும் நாலு சுழியைத்தான் காட்டியது.

அன்றைக்கு ராஜகனிக்கு ஒரு பசி பிடித்தது. சோற்றுப் பசி இல்லை, தாள் பசி. பெரிய அட்டையை விரித்து வைத்து, குரங்கு வாலின் நுனியில் பெரணிக் குருத்தை ஒட்டினாள், பெரணி முடிகிற இடத்தில் சங்கை, சங்கு விரிகிற இடத்தில் பாவாடையை. கடல்களுக்கு அப்பால் இருந்த கைகள் எல்லாம் ஒரே கோட்டைத் தொடர்ந்து போட்டுக்கொண்டு வந்ததுபோல ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்தன. ஆனால் அயர்லாந்துக் கல் பாதியில் கிழிந்திருந்தது. பாம்புக்குத் தலை இல்லை. கோடு எங்கெல்லாம் அறுந்ததோ அங்கெல்லாம் மீதித் தாள் மேற்குத்தெருவில் விழுந்திருக்க வேண்டும்.

இதற்குள் ஊர் காற்றுக்கு வேறு ஒரு வேலை கண்டுபிடித்துவிட்டது. கிழக்குத்தெரு ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளிப் போய்க் காற்றுக்குள் விழுந்தது. காற்று அதை இரண்டு சுற்றுச் சுற்றி மேற்குப் பக்கம் மெதுவாக இறக்கிவிட்டது. மேற்குத்தெருக்காரர்களுக்குத் தர்மசங்கடம். வைத்துக்கொண்டால் வாங்கினதாகிவிடும், திருப்பித் தந்தால் கொடுத்ததாகிவிடும். யோசித்து, குட்டியைத் தூக்கிக் காற்றுக்குள்ளேயே விட்டார்கள். அது கிழக்கே வந்து இறங்கி, உடம்பை உதறிக்கொண்டு தாயிடம் ஓடியது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை.

அதோடு வழி பிறந்துவிட்டது. கிழக்குத்தெருவில் முருங்கை காய்த்துத் தொங்கியது, ஒருத்தி ஒரு கட்டைக் காற்றில் போட்டாள். மேற்கே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டவள் மாத்திரை அட்டையைப் போட்டாள். அங்கிருந்து கொழுக்கட்டை வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது, வெகுகாலத்துக்கு முன்னால் இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரை கூட விளக்கி மினுமினுவென்று வந்தது. யார் கேட்டாலும், "நான் யாருக்கும் குடுக்கலை, காத்துக்குப் போட்டேன்" என்பார்கள். காத்துக்குப் போடுவது என்பது ஊரில் ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது.

ராஜகனி மட்டும் ஒன்றும் போடவில்லை. கால் போன மனிதனின் வீட்டுக்கு எதைப் போடுவது?

ஒருநாள் சேர்மதுரை கடைச் சாமான் எடுக்கக் கோவில்பட்டி போனவன், பஸ் ஸ்டாண்டில் ஒரு பொட்டலம் கைமுறுக்கு வாங்கி வந்தான். ராஜகனி பொட்டலத்தைப் பிரித்ததும் முறுக்கைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எண்ணெயில் ஊறிக் கண்ணாடிபோல ஆகியிருந்த அந்தத் தாளில் அயர்லாந்துக் கல்லின் மறுபாதி இருந்தது.

"எங்க வாங்குனீங்க?"

"பஸ் ஸ்டாண்டு பெட்டிக் கடையில. ஏன், காறலா இருக்கா?"

அவள் ஒரு விள்ளல் ஒடித்து வாயில் போட்டாள். ஓமம் தூக்கலாக, வெண்ணெய் கொஞ்சம் கூடுதலாக. இந்த முறுக்கைச் சுற்றிய விரல்கள் யாருடையவை என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. அக்கா முறுக்குச் சுட்டு வெளியூருக்கு அனுப்புவது தெருவுக்கே தெரியும். வாசலில் விழுந்த தாள்களை எல்லாம் எண்ணெய் வடிய விரித்து, அதிலேயே பொட்டலமும் கட்டியிருக்கிறாள்.

"இது எங்க அக்கா சுட்டது."

சேர்மதுரை கையிலிருந்த முறுக்கைப் பார்த்தான். தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பிறகு ஒரு கடி கடித்து, "நல்லாருக்கு" என்றான்.

அன்று மாலை ராஜகனி விலக்குக்குப் போய், தன்னிடமிருந்த அயர்லாந்துக் கல்லின் பாதியைச் சுருட்டி, உள்ளே நாலு முறுக்கை வைத்துக் காற்றுக்குள் போட்டாள். அந்தப் பக்கம் அக்கா வந்து குனிந்து எடுப்பது தூசிக்கு நடுவில் தெரிந்தது. பிரித்துப் பார்த்தவள் முறுக்கைக் கண்டு முகம் சுளித்தாள். தான் சுட்ட முறுக்கே தனக்குத் திரும்பி வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். பிறகு தாளைப் பார்த்தாள், பிறகு அதன் கிழிசலைப் பார்த்தாள், தாளோடு உள்ளே போனாள். மறுநாள் காலையில் ஒரு கட்டுத் தாள் காற்று வழியாக வந்து ராஜகனி வாசலில் பொத்தென்று விழுந்தது. முழுக்க எண்ணெய்த் தாள்கள். பாம்பின் தலை அதில் இருந்தது.

அதற்குப் பிறகு இருவரும் தாள் தாளாகக் காற்றுக்குப் போட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கும் தாள் பசி தொற்றிவிட்டது. ஒட்டித்தான் அனுப்பினாள். நட்சத்திரக்கூட்டத்தின் பக்கத்தில் முறுக்குக் கடை லேபிளை ஒட்டி அனுப்பியிருந்தாள், இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

ஆவணியில் செவத்தையா தன் சொந்த மருமகளே தூக்குவாளி நிறையப் பாயாசத்தைக் காற்றுக்குப் போடுவதைப் பார்த்துவிட்டார். அங்கே மாசானமுத்துவும் தன் வீட்டுத் தாள்கள் போகிற வழியைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பேருக்கும் வந்தது ஒரே கோபம், எடுத்ததும் ஒரே முடிவு. காற்று நிற்கிற இடத்தில் பள்ளம் தோண்டி, கான்கிரீட் போட்டு, ஒரு பெரிய விளக்குக் கம்பத்தை நட்டுவிட்டால் சனியன் சுற்ற இடம் இல்லாமல் போய்விடும். ஞானதிரவியம் சார் இடையில் நடந்து பேசி முடித்தார். காற்றைத் துரத்தத் தானே வழி செய்து கொடுத்துவிட்டது அவருக்குத் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

"டீச்சர், தப்புப் பண்ணிட்டேனோன்னு இருக்கு. சண்டைக்கு அப்புறம் ரெண்டு தெருவும் ஒத்துப்போன மொதல் காரியம் இது. அதனால வேகமா முடிச்சுட்டேன். திங்கக்கிழமை மிசினு வருது."

"அதுக்கு முன்னால வெள்ளிக்கிழமை வாய்தா இருக்குல்லா சார்?"

"ஆமா. ஆம்பளைங்க பூராவும் கோவில்பட்டி போயிருவாங்க."

"அது போதும்."

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு தெரு ஆண்களும் இரண்டு வேனில் கோர்ட்டுக்குப் போனார்கள். வேன்கள் மறைந்ததும் ராஜகனி ஒரு குடம் மைதா பசையும் சேர்த்துவைத்த தாள்களும் கொண்டுவந்து கிழக்குத்தெரு முனையில் குந்தினாள். ரோட்டில் படிந்திருந்த தூசி வாலின் ஓரமாகவே முதல் தாளை ஒட்டினாள். காற்று அதைப் பிய்க்கவில்லை. இரண்டாவதை ஒட்டினாள். தாள் இரண்டு கரையாக, நடுவில் வெறும் தார் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பாதையாக, வளைந்து வளைந்து வந்தது.

எதிரே நிமிர்ந்து பார்த்தாள். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், ஒரு சட்டி பசையோடு வந்து மேற்குத்தெரு முனையில் குந்தினாள்.

அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வாசலில் விழுந்ததை எல்லாம் எடுத்துவைத்திருந்த பெண்கள், சாமி படத்துக்குப் பின்னால் செருகியவர்கள், அரிசிப் பானைக்கு மூடி போட்டவர்கள், அலமாரியில் விரித்தவர்கள், எல்லோரும் தாளோடு வந்தார்கள். தாள் போதாமல் போனபோது கொசுவர்த்திப் பெட்டியை வெட்டினார்கள், ஜிலேபிக் கடை விளம்பரத்தைக் கிழித்தார்கள். செவத்தையாவின் மருமகள் தன் கட்டைவிரலை மையில் தொட்டு வெள்ளைத் தாளில் பதித்து, "இதுவும் சுழிதான டீச்சர்?" என்று ஒட்டினாள். உடனே எல்லோருக்கும் தங்கள் கட்டைவிரலைப் பார்க்கத் தோன்றியது. எல்லோர் விரலிலும் அது இருந்தது, இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது.

இரண்டு பாதைகளும் பக்கத்தில் பக்கத்தில் சுருண்டு போயின. ஒரு சுற்றில் அக்காவும் தங்கையும் ஒரு தாள் அகல இடைவெளியில் குந்தி, ஒரே பக்கம் பார்த்து, ஒட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். சத்தியம் இன்னும் இருந்தது. பேசவில்லை. அக்காவின் மூச்சு ராஜகனிக்குக் கேட்டது.

நண்பகலில் பாதைகள் காற்றின் காலடிக்கு வந்து முடிந்தன. ராஜகனி எழுந்து கிழக்குப் பக்கத்திலிருந்து காற்றுக்குள் கால் வைத்தாள். சுடலைவடிவு மேற்குப் பக்கத்திலிருந்து வைத்தாள். உள்ளே காற்றே இல்லை. தூசிச் சுவர் சுற்றிலும் ஓட, நடுவில் கிணற்று உறை அகலத்துக்குச் சலனமில்லாத ஒரு இடம், இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம். வெளிச் சத்தம் ஒன்றும் வரவில்லை.

சுடலைவடிவு தங்கையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏட்டி, பல்லு ஒண்ணு எங்க?"

"போன வருசம் பிடுங்கிட்டாங்கக்கா."

"ரோட்டுக்கு அந்தாலருந்து பாத்தா தெரியல." அவள் கை நீண்டு ராஜகனியின் தாடையைத் தொட்டது. "வலிச்சுதா?"

பல் பிடுங்கிய அன்று யாரும் ராஜகனியை அப்படிக் கேட்கவில்லை. அழுகை மெதுவாகத் தொடங்கி, நிற்க இடம் கிடைத்துவிட்ட அழுகையாகப் பெரிதானது. அக்கா அவளைத் தோளோடு சாய்த்துக்கொண்டாள். முந்தானையில் முறுக்கு வாசனை அடித்தது.

"அத்தான் காலு எப்படிக்கா இருக்கு?"

"மழைக்கு முந்தி வலிக்கும். வலிச்சா உன் புருசனத்தான் திட்டுவாரு. திட்டி முடிச்சு, அன்னைக்கு அவன் கையில வடம் இருந்துச்சா இல்லையான்னு எனக்கே தெரியலட்டிம்பாரு."

வெளியே நின்ற பெண்களுக்கு இரண்டு உருவங்கள் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு அவர்களும் ஒருவர் பின் ஒருவராக அவரவர் தெரு முனையிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள்.

சாயங்காலம் வேன்கள் வந்தன. செவத்தையா இறங்கி, நடு ரோட்டில் இரண்டு தெருப் பெண்களும் கலந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கத்தினார்: "சத்தியத்தை முறிச்சுட்டீங்களே!"

"யாரும் ரோட்டைத் தாண்டலையே மாமா" என்றாள் அவர் மருமகள். "நம்ம தெருவுல தொடங்குற பாதையில நடந்தோம். அவங்க அவங்க பாதையில நடந்தாங்க. முடியுற இடம் ஒண்ணாப் போச்சு, அதுக்கு நாங்க என்ன பண்ண?"

அவர் தாளைக் காலால் தேய்க்கப் போனார். காலடியில் பிள்ளையார் சுழி இருந்தது. காலை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் குனிந்து தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு கத்துவது கஷ்டமாக இருந்தது.

அந்தப் பக்கம் மாசானமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கதான் போகுதுன்னு பாப்போம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே நடந்தார். மாசானமுத்து மட்டும் போய் நடுவில் நிற்பதைச் செவத்தையாவால் சகித்துக்கொள்ள முடியவில்லை. அவரும் நடந்தார். ஒருவர் நொண்டியபடியும் ஒருவர் அதற்கேற்ப வேகத்தைக் குறைத்தபடியும், பக்கத்துப் பக்கத்துப் பாதைகளில், ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். சேர்மதுரை வேனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அவர்கள் பேசினார்களா என்று தெரியாது. வெளியே வந்தபோது செவத்தையா சொன்னது இவ்வளவுதான்: "கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி நடச் சொல்லுங்க."

கேஸ் இன்னும் நடக்கிறது. பங்குனிப் பொங்கல் இரண்டு தெருவுக்கும் தனித்தனியாகத்தான் நடக்கிறது. சேர்மதுரை அந்தப் பாதையில் நடக்க அடுத்த தை வரை ஆனது, நடந்த அன்று அவனும் மாசானமுத்துவும் வெயிலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். ஐப்பசி மழை வலுத்த ஏதோ ஒரு நாளில் காற்று போய்விட்டது, எந்த நாள் என்று யாரும் கவனிக்கவில்லை. மழையில் தாள்களும் ஊறி உரிந்து வாய்க்காலோடு போயின.

ஆனால் கீழச்சுனைக்காரர்கள் இன்றைக்கும் அந்த ரோட்டை நேராகக் கடப்பதில்லை. குடத்தோடும் கூடையோடும் தெரு முனையிலிருந்து புறப்பட்டு, வெறும் தாரில் வளைந்து வளைந்து நடுவுக்குப் போய், அங்கே நின்று பேசிவிட்டு, வளைந்து வளைந்து மறுபக்கம் போகிறார்கள். போன வாரம் புதிதாக அந்த ரூட்டுக்கு வந்த பஸ் டிரைவர், ராஜகனியும் சுடலைவடிவும் முறுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் சுற்றுவதைப் பார்த்துப் பொறுமை இழந்து தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, நேரா வந்தா நாலு எட்டு. எதுக்கு இந்தச் சுத்து?"

சுடலைவடிவு கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"நேரா வந்தா எதுத்து வந்த மாதிரி இருக்கும் அண்ணாச்சி. சுத்தி வந்தா கூட வந்த மாதிரி இருக்கும்."

டிரைவர் அதை யோசித்துப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, அவர்கள் சுற்றி முடிக்கும்வரை காத்திருந்தார்.